மீதி இரண்டு மணி நேரம் எங்கே போகிறது?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் சுங்கை சிப்புட்டில் எங்கள் வரிசையில் நான்காவது வீட்டு அக்காவின் பேத்தி செப்டம்பரில் லண்டனுக்குப் படிக்கப் போவதாக முடிவானது. பயணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது அக்கா ஒரு கையில் கைத்தொலைபேசியும் இன்னொரு கையில் அச்சடித்த டிக்கெட்டுமாக வந்து நின்றார். தொலைபேசியில் விமான தூரம் காட்டும் பக்கம் ஒன்றைப் பேரன் திறந்து கொடுத்திருக்கிறான். கோலாலம்பூரிலிருந்து லண்டன் ஹீத்ரோவுக்கு 10,600 கிலோமீட்டர், பறக்கும் நேரம் 12 மணிக்குச் சற்றுக் குறைவு என்று அதில் இருந்தது. டிக்கெட்டில் 14 மணி நேரம்.

“தம்பி, இதுல ஒரு கணக்கு, அதுல ஒரு கணக்கு. மீதி ரெண்டு மணி நேரம் புள்ள எங்க இருப்பா?”

நியாயமான கேள்வி. அக்கா முப்பது வருஷம் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர், அதாவது மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். காலையில் ஆளெண்ணும் பெரட்டு முடிந்து மரத்துக்குப் போனால் எத்தனை மணிக்குள் எத்தனை மரம் முடியும் என்று அவருக்குக் கைக்கணக்காகத் தெரியும். மேட்டுக்காடு என்றால் அதே எண்ணிக்கை மரத்துக்கே ஒரு மணி நேரம் கூடும், முதல் நாள் மழை பெய்திருந்தால் வேலை தொடங்குவதே தள்ளிப்போகும் என்பதும் தெரியும். விமானக் கணக்கும் ஏறக்குறைய இப்படித்தான். அந்த இரண்டு மணி நேரத்தை அன்று மாலை அவரோடு உட்கார்ந்து ஒவ்வொரு துண்டாகக் கணக்குப் பார்த்தேன். இங்கே பல வீடுகளில் பிள்ளைகள் லண்டன், மெல்பர்ன், டப்ளின் என்று போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்களின் பெற்றோருக்கும் உதவும் என்று அதையே இங்கே விரித்து எழுதுகிறேன்.

முதலில் அந்த 10,600. யாரும் நாடா பிடித்து அளந்த தூரம் அல்ல அது. செப்பாங்கில் இருக்கும் கோலாலம்பூர் விமான நிலையம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 2.7 பாகையில், கிழக்கே 101.7 பாகையில் இருக்கிறது. ஹீத்ரோ வடக்கே 51.5 பாகை, கிரீன்விச் கோட்டுக்கு அரைப் பாகை மேற்கே. பூமியை 6,371 கிலோமீட்டர் ஆரமுள்ள உருண்டையாக வைத்துக்கொண்டு, அதன் மேற்பரப்பில் இந்த இரண்டு புள்ளிகளுக்கும் இடையே மிகக் குறுகிய வளைவு எவ்வளவு நீளம் என்று கணினி கணக்குப் போட்டுச் சொல்கிறது. அவ்வளவுதான். பூமி முழு உருண்டை இல்லை, துருவப் பக்கம் கொஞ்சம் தட்டையானது. அதையும் சேர்த்துக் கணக்கிடும் பக்கம் பத்து இருபது கிலோமீட்டர் முன்பின்னாகச் சொல்லும். சில பக்கங்கள் கடல் மைலில் காட்டும். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர் என்பதால் அங்கே 5,720 சொச்சம் என்று வரும். சாதாரண மைலில் 6,590. மூன்றும் ஒரே தூரம்தான்.

அந்தக் குறுகிய வளைவு எந்த வழியாகப் போகிறது என்று காட்ட அக்காவுக்கு ஒரு தம்பூன் பம்பளிமாஸை எடுத்தேன். ஈப்போவுக்குப் போய் வருகிறவர்கள் வாங்கி வரும் பெரிய பழம். உருண்டைக்கு அதைவிட நல்ல பாடப்பொருள் எங்கள் ஊரில் கிடைக்காது. நடுவயிற்றுக்குச் சற்று மேலே ஒரு குண்டூசி, அது கோலாலம்பூர். பழத்தைக் கால் சுற்றுக்குக் கொஞ்சம் கூடுதலாகத் திருப்பி, காம்புப் பக்கம் நெருங்கி இன்னொரு குண்டூசி, அது லண்டன். இரண்டுக்கும் நடுவே நூலை இறுக்கிப் பிடித்தால் அது தானாகவே காம்புப் பக்கம் ஏறிப் போகும். இந்த வளைவுக்குப் பெருவட்டப் பாதை என்று பெயர்.

பள்ளிக்கூடச் சுவரில் தொங்கும் தட்டையான உலக வரைபடத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் வேறு கதை. கோலாலம்பூரிலிருந்து லண்டனுக்குப் போகும் கோடு அதில் ஏறக்குறைய சென்னைப் பக்கமாக இந்தியாவுக்குள் நுழைந்து, அரபிக் கடலையும் வளைகுடாவையும் தாண்டிப் போகும். கண்ணுக்கு அதுதான் நேர். உண்மையில் அந்த வழி 11,050 கிலோமீட்டர் அளவுக்கு வரும், பெருவட்டத்தைவிடச் சுமார் 450 கிலோமீட்டர் அதிகம். பெருவட்டமோ வங்கக் கடலைக் கடந்து ஒடிசா கரையில் ஏறி, உத்தரப் பிரதேசத்தின் மேலாக, பாகிஸ்தான் ஆப்கானிஸ்தான் எல்லை, உஸ்பெகிஸ்தான், காஸ்பியன் கடலின் வடகிழக்கு மூலை, ரஷ்யாவின் வோல்கோகிராட் பக்கம், உக்ரைனின் கார்கிவ் பக்கம், பிறகு போலந்து, ஜெர்மனி என்று போகிறது. இந்தப் பெயர்களை ஒரு முறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். இரண்டு மணி நேரத்தில் ஒரு பங்கு எங்கே போகிறது என்பது அதிலேயே இருக்கிறது.

தூரத்தை வைத்து நேரம் சொல்லும் பக்கங்கள் செய்வது எளிய வகுத்தல். இந்த வழியில் மலேசிய விமான நிறுவனம் 2018 முதல் ஏர்பஸ் ஏ350 விமானங்களைப் பயன்படுத்துகிறது. அது போன்ற விமானம் மேலே ஏறி நிலைகொண்ட பிறகு ஒலியின் வேகத்தில் 0.85 பங்கு வேகத்தில் போகும். அந்த உயரத்துக் குளிரில் அது மணிக்கு 900 கிலோமீட்டர் சொச்சம். 10,600-ஐ 900-ஆல் வகுத்தால் 11 மணி 47 நிமிடம். அக்காவின் தொலைபேசியில் இருந்தது இதுதான். காற்றே இல்லாத வானம், எந்த நாட்டு எல்லையும் இல்லாத பூமி, ஓடுபாதையில் வரிசையே இல்லாத விமான நிலையம், மூன்றும் இருந்தால் அந்தக் கணக்கு சரி.

முதலில் பாதை. வானத்தில் சாலை இல்லை என்றாலும் அனுமதி வேண்டும். ஒவ்வொரு நாட்டின் வான்வெளியும் அந்த நாட்டுக்குச் சொந்தம். 2022 பிப்ரவரி 24 முதல் உக்ரைன் வான்வெளி பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டிருக்கிறது. 2021 ஆகஸ்ட்டில் ஆப்கானிஸ்தானில் ஆட்சி மாறியதும் அங்கே வான் போக்குவரத்தை வழிநடத்த ஆளில்லாமல் போய்ப் பெரும்பாலான நிறுவனங்கள் விலகிச் சென்றன. 2019 பிப்ரவரி கடைசியில் பாகிஸ்தான் வான்வெளியை மூடியது. அதன் வழியாகப் போய்க்கொண்டிருந்த நீண்ட தூர விமானங்கள் ஜூலை நடுப்பகுதிவரை சுற்றிப் போக வேண்டியிருந்தது. 2025 ஜூனில் இஸ்ரேல் ஈரான் சண்டையின்போது ஈரான், ஈராக், ஜோர்டான் வான்வெளிகள் மூடப்பட்டன. அதே மாதம் 23-ஆம் தேதி கத்தாரும் சில மணி நேரம் மூடியது. வடக்கே போனால் ஒரு போர், தெற்கே போனால் இன்னொரு போர். நடுவில் எஞ்சும் இடைவெளியில்தான் ஆசியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையே போகும் விமானங்கள் நெருக்கியடித்துப் போகின்றன.

அதனால் எந்த வழி போவது என்பது அந்தந்த நாளில் முடிவாகிறது. விமானம் கிளம்புவதற்குச் சில மணி நேரம் முன்னால், அன்றைய காற்று, அன்றைய தடை, அன்றைய அனுமதிக் கட்டணம் எல்லாம் பார்த்து நிறுவனத்தின் திட்டப் பிரிவு ஒரு பாதை போடுகிறது. நேற்று போன வழியிலேயே இன்றும் போகும் என்று சொல்ல முடியாது. சுற்றல் 500 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பாதை 11,100 ஆகிறது. நேரத்தில் அரை மணிக்கு மேல் கூடிவிட்டது.

மலேசியரான எங்களுக்கு இந்தப் பாதைக் கணக்கு வெறும் கணக்கு இல்லை. 2014 ஜூலை 17 அன்று ஆம்ஸ்டர்டாமிலிருந்து கோலாலம்பூருக்கு வந்துகொண்டிருந்த எம்எச்17 விமானம் கிழக்கு உக்ரைன் மேலே ஏவுகணையால் வீழ்த்தப்பட்டது. அதில் இருந்த 298 பேரும் இறந்தார்கள். விமானம் 33,000 அடியில் பறந்துகொண்டிருந்தது. அந்தப் பகுதியில் 32,000 அடிவரைதான் வான்வெளி மூடப்பட்டிருந்தது. அதற்கு ஆயிரம் அடி மேலே பாதை திறந்திருந்தது, அன்று அதே வழியில் வேறு நிறுவனங்களின் விமானங்களும் போய்க்கொண்டிருந்தன. 2015-இல் வெளிவந்த டச்சு பாதுகாப்பு வாரியத்தின் அறிக்கை, உக்ரைன் அந்த வான்வெளியை முழுதாக மூடியிருக்க வேண்டும் என்று சொன்னது. நான் மேலே சொன்ன பம்பளிமாஸ் நூல் போகும் வழிக்குச் சற்றுத் தெற்கேதான் அந்த இடம். அன்றைக்கு அந்த விமானம் போனது ஏதோ குறுக்கு வழி இல்லை. மேற்கு ஐரோப்பாவிலிருந்து நம் நாட்டுக்கு வருகிறவர்களுக்கு இயல்பான நேர்வழி அதுதான். இன்று விமானம் சுற்றிப் போய் அரை மணி நேரம் கூடுதலாக எடுக்கிறது என்றால், அந்த அரை மணியைப் பற்றி யாராவது சலித்துக்கொண்டால், நான் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுவேன்.

வான்வெளி அனுமதி என்று பேசும்போது பழைய கதை ஒன்றும் நினைவுக்கு வருகிறது. 1977 டிசம்பரில் லண்டனுக்கும் சிங்கப்பூருக்கும் இடையே பாஹ்ரைன் வழியாக கான்கார்ட் விமானம் ஓட ஆரம்பித்தது. ஒலியைவிட இரு மடங்கு வேகம். மலாக்கா நீரிணை மேலே அந்த வேகத்தில் பறந்தால் எழும் இடிச்சத்தத்தை மலேசியா ஏற்கவில்லை. மூன்று முறை போய்வந்ததோடு சேவை நின்றது. 1979-இல் மாற்று வழியில் திரும்பத் தொடங்கி, 1980-இல் முடிந்துபோனது. எவ்வளவு வேகமான விமானமாக இருந்தாலும் கீழே இருக்கும் நாடு ஒப்புக்கொண்டால்தான் அந்த வேகம் பயன்படும்.

சரி, அடுத்தது காற்று. இரண்டு மணி நேரத்தில் பெரிய பங்கு இதற்குத்தான்.

தரையிலிருந்து ஒன்பது முதல் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி ஆறுபோல ஓடும் காற்று இருக்கிறது. சில இடங்களில் மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டும். ஜப்பானிய வானிலை அறிஞர் ஓயிஷி வசாபுரோ 1920-களில் தத்தேனோ ஆய்வகத்திலிருந்து பலூன்களை விட்டு இதை அளந்தார். உலகத்தில் எல்லோரும் படிக்க வேண்டும் என்று தன் அறிக்கையை, எல்லா நாட்டாருக்கும் பொதுவாக உருவாக்கப்பட்ட எஸ்பெராண்டோ மொழியில் எழுதினார். அதனாலேயே வெளிநாட்டில் கிட்டத்தட்ட யாரும் படிக்காமல் போனது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் மேலே பறந்த அமெரிக்க விமானிகள் நேரே இந்தக் காற்றில் மாட்டிக்கொண்ட பிறகுதான் அதன் பலம் மற்றவர்களுக்கு விளங்கியது. இதற்கு இன்று ஜெட் காற்றோட்டம் என்று பெயர்.

இது ஏன் மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகிறது? நிலநடுக்கோட்டுப் பக்கம் சூடான காற்று எழும்பித் துருவத்தை நோக்கி நகர்கிறது. நடுக்கோட்டில் பூமியின் மேற்பரப்பு மணிக்கு 1,670 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கே சுழல்கிறது. வடக்கே போகப் போகச் சுற்றளவு குறைவதால் அந்த வேகமும் குறைகிறது. நடுக்கோட்டில் கிடைத்த வேகத்தோடு வடக்கே போகும் காற்று, அங்கே இருக்கும் தரையை முந்திக்கொண்டு கிழக்கே வளைகிறது. சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் சந்திக்கும் இடத்தில் அது இறுகி ஓட்டமாகிறது.

இந்த இடத்தில் அக்கா கேட்டது நிறையப் பேர் கேட்பதுதான். “பூமிதான் சுத்துதே தம்பி, பிளேன் மேல போய் சும்மா நின்னா லண்டன் தானா வந்துறாதா?” வராது. பூமியோடு சேர்ந்து காற்று மண்டலமும் சுற்றுகிறது, விமானம் அந்தக் காற்றுக்குள் இருக்கிறது. ஓடும் பஸ்ஸுக்குள் ஒரு பையன் மேலே குதித்தால் அதே இடத்தில்தான் வந்து விழுவான், பின் இருக்கையில் போய் விழமாட்டான். பூமியின் சுழற்சி விமானத்தை நேரடியாகத் தொடுவதில்லை, ஜெட் காற்றோட்டம் வழியாகத்தான் தொடுகிறது.

லண்டனுக்குப் போகிறவர்கள் மேற்கே போகிறார்கள், அந்த ஆற்றை எதிர்த்துப் போகிறார்கள். கோலகங்சாரில் பேராக் ஆற்றில் படகு ஓட்டியவர்களிடம் கேட்டால் தெரியும். படகின் இயந்திரம் ஒன்றுதான், அதன் வேகமும் ஒன்றுதான். ஆனால் நீரோட்டத்தை எதிர்த்துப் போகும்போது கரை மெதுவாக நகரும், திரும்பி வரும்போது ஓடும். விமானத்தின் 900 என்பது காற்றுக்குள் அதன் வேகம். எதிர்க்காற்று சராசரியாக 50 கிலோமீட்டர் என்றால் தரைக்கு மேலே 850-தான் போகும். 11,100 கிலோமீட்டரை 850-ஆல் வகுத்தால் 13 மணி 3 நிமிடம். திரும்பி வரும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளி வேகம் 950 ஆகிறது. அப்போது 11 மணி 41 நிமிடம். ஒரே தூரம், ஒரே விமானம், 82 நிமிட வித்தியாசம். எடுத்துக்காட்டுக்கு நான் போட்ட எண்கள் இவை, தினமும் மாறும். ஆனால் லண்டன் போக 14 மணி, வர 13 மணிக்குள் என்று டிக்கெட்டில் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

நம் வழியில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. குளிர்காலத்தில் இந்த ஆற்றின் ஒரு கிளை இமயமலைக்குத் தெற்கே, வட இந்தியாவின் மேலேயே பலமாக ஓடும். லண்டன் விமானம் குறுக்கிடும் இடம் அதுதான். கோடையில் அந்தக் கிளை இமயத்தைத் தாண்டித் திபெத்துக்கு வடக்கே ஒதுங்கும், பலமும் குறையும். அதே கோடையில் தென்னிந்தியாவின் மேலே, இன்னும் உயரத்தில், கிழக்கிலிருந்து மேற்கே ஓடும் வேறொரு காற்று எழும்பும். இந்த இடமாற்றமும் தமிழ்நாட்டுக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் கொட்டும் தென்மேற்குப் பருவமழையும் ஒன்றோடொன்று பிணைந்தவை. அதனால் ஜனவரியில் லண்டன் போகிறவர்களைவிட ஜூலையில் போகிறவர்கள் கொஞ்சம் சீக்கிரம் போய்ச் சேர வாய்ப்பு உண்டு. நம் பாட்டன்மார் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிய காலத்தில் பருவக்காற்று பார்த்துப் பயணம் போனார்கள் என்றால், பேத்திமாரும் இன்னும் அதே பருவத்தின் மேல்மாடியில்தான் போகிறார்கள்.

13 மணி வந்துவிட்டது. மிச்சம் ஒரு மணி நேரம் தரையிலும் தரைக்குப் பக்கத்திலும் போகிறது. டிக்கெட்டில் இருப்பது சக்கரம் தரையைவிட்டு எழும் நேரம் அல்ல. விமானம் வாயிலைவிட்டு நகர்வது முதல் ஹீத்ரோவில் வாயிலில் நிற்பதுவரை உள்ள நேரம். ஓடுபாதைவரை ஊர்ந்து போக வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும். பாரத்தோடு 10 கிலோமீட்டர் உயரம் ஏறும்போது 900 வேகம் கிடையாது, இறங்கும்போதும் கிடையாது. செப்பாங்கில் மூன்று ஓடுபாதைகள் இருக்கின்றன. உலகத்திலேயே நெரிசல் மிகுந்த நிலையங்களில் ஒன்றான ஹீத்ரோவில் இரண்டுதான். அங்கே இடம் கிடைக்கும்வரை விமானங்கள் லண்டனைச் சுற்றி நான்கு இடங்களில், பொவிங்டன், லாம்போர்ன், ஆக்கம், பிகின் ஹில் என்று, அடுக்கடுக்காக வட்டமடித்துக் காத்திருக்கும். ஜன்னல் பக்கம் உட்கார்ந்த பிள்ளை “ஊர் தெரியுது, ஆனா இறங்க மாட்டேங்குது” என்று பிறகு சொன்னால் பயப்பட ஒன்றுமில்லை. இதற்கெல்லாம் முக்கால் மணி, அதற்கு மேல் தாமதத்துக்கென்று நிறுவனம் ஒதுக்கி வைக்கும் சில நிமிடங்கள். சேர்த்துப் பாருங்கள், 14 மணி வந்துவிடும்.

நேரே போகாமல் துபாயில் மாறிப் போகும் டிக்கெட் மலிவு என்று சிலர் எடுப்பார்கள். தூரத்தைப் பார்த்தால் பெரிய வித்தியாசமே இல்லை. கோலாலம்பூர் துபாய் சுமார் 5,550, துபாய் லண்டன் சுமார் 5,500, மொத்தம் 11,050. நேர்வழியைவிட 450 கிலோமீட்டர், அரை மணி நேரப் பறப்பு. நேரத்தைத் தின்பது நடுவில் காத்திருக்கும் இரண்டு, மூன்று, சில சமயம் எட்டு மணி நேரம்தான். காசு மிச்சப்படுத்த வேண்டியவர்கள் தாராளமாகப் போகலாம். முதல் முறையாகத் தனியாகப் போகும் பதினெட்டு பத்தொன்பது வயதுப் பிள்ளை என்றால், முடிந்தால் நேர் விமானமே எடுங்கள் என்பது என் கருத்து.

கடிகாரக் கணக்குதான் வீட்டில் இருப்பவர்களை மிகவும் குழப்புகிறது. டிக்கெட்டில் கிளம்பும் நேரம் மலேசிய நேரம், இறங்கும் நேரம் லண்டன் நேரம். தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் முன்பு கிரீன்விச்சைவிட ஏழரை மணி நேரம் முன்னால் இருந்தது. 1981 டிசம்பர் 31 நள்ளிரவுக்கு அரை மணி முன்பு முள்ளை நகர்த்தி எட்டு மணி நேரமாக்கினார்கள். அப்போது தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு விடிவதற்கு முன்பே பெரட்டுக்குப் போக நேர்ந்தது நினைவிருக்கும். லண்டனில் மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறுவரை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே வைப்பார்கள். ஆகவே குளிர்காலத்தில் நமக்கும் அவர்களுக்கும் 8 மணி நேர வித்தியாசம், செப்டம்பரில் 7.

இரவு 11.30-க்குச் செப்பாங்கில் கிளம்பி 14 மணி நேரம் போனால் மறுநாள் பகல் 1.30, லண்டனில் அப்போது காலை 6.30. டிக்கெட்டைப் பார்த்தால் 7 மணி நேரத்தில் போய்விட்டது போலத் தெரியும். திரும்பும்போது அங்கே இரவு 9 மணிக்குக் கிளம்பி 13 மணி நேரம் வந்தால் இங்கே மறுநாள் மாலை 5. டிக்கெட்டில் 20 மணி நேரம் போலத் தெரியும். இரண்டையும் கூட்டினால் 27, உண்மையான 14-யும் 13-யும் கூட்டினாலும் 27. போகவர எடுத்த டிக்கெட் இருந்தால் இப்படிக் கூட்டிச் சரிபார்க்கலாம். போகும்போது கழிந்த மணி வரும்போது திரும்பி வந்துவிடுவதால், மொத்தப் பறப்பு நேரம் சரியாக வந்து நிற்கும். நடுவில் அங்கே கடிகாரம் மாறியிருந்தால் ஒரு மணி நேரம் தள்ளிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

பயணம் செப்பாங்கில் தொடங்குவதாக டிக்கெட் சொல்கிறது. எங்களுக்கு அது சுங்கை சிப்புட்டில் தொடங்குகிறது. இங்கிருந்து செம்மோர் வழியாக ஈப்போ போய், வடக்கு தெற்கு நெடுஞ்சாலை பிடித்து, கோலாலம்பூரைத் தாண்டிச் செப்பாங் போக ஏறக்குறைய 290 கிலோமீட்டர். வழியில் நெரிசல் இல்லாவிட்டாலும் மூன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ள வேண்டும். பண்டிகை வாரம் என்றால் கணக்கே வேண்டாம், மத்தியானமே கிளம்பிவிடுங்கள். ஈப்போவிலிருந்து மின்ரயிலில் கோலாலம்பூர் சென்ட்ரல், அங்கிருந்து விமான நிலைய விரைவு ரயிலில் 28 நிமிடம் என்றும் போகலாம். ஆனால் இரண்டு பெரிய பெட்டியும் வழியனுப்ப வரும் எட்டுப் பேரும் இருக்கும்போது யார் ரயிலில் போகிறார்கள்? மூன்று மணி நேரம் முன்பே நிலையத்தில் இருக்க வேண்டும். லண்டனில் இறங்கியபிறகு குடிநுழைவு வரிசை, பெட்டி, பிறகு தங்கும் இடம். வீட்டு வாசலிலிருந்து அறைக் கதவுவரை 23, 24 மணி நேரம் ஆகும். இதில் விமானம் நிலைகொண்டு 900-இல் பறப்பது பாதிக்குச் சற்றுக் கூடுதல்தான்.

பழைய காலத்திலும் இப்படித்தான். ரஜூலா கப்பல் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆளேற்றிக்கொண்டு பினாங்கு வர ஏறக்குறைய ஒரு வாரம் என்பார்கள். ஆனால் தோட்டத்துக்கென்று கூட்டிவரப்பட்டவர்களுக்குப் பயணம் பினாங்கோடு முடியவில்லை. ஜெரெஜாக் தீவில் நோய்த்தடுப்பு முகாமில் நாட்கணக்கில் வைத்திருந்து, அப்புறம்தான் ரயிலேற்றித் தோட்டத்துக்கு அனுப்பினார்கள். இன்று கோலாலம்பூரிலிருந்து சென்னை 2,630 கிலோமீட்டர், நாலு மணி நேரம். அக்காவின் அம்மா அப்படிக் கப்பலில் வந்தவர். ஊரைவிட்டு வந்தபிறகு தாயிடமிருந்து முதல் கடிதம் கிடைக்க எத்தனை மாதம் ஆனது என்று அவர் சொல்லிக் கேட்டதை அக்கா அன்று மாலை எனக்குச் சொன்னார். அதனால்தான் இந்த இரண்டு மணி நேரம் அவருக்கு அவ்வளவு முக்கியமாகப் பட்டது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

எல்லாம் கேட்டபிறகு அக்கா நாள்காட்டியைக் கொண்டுவரச் சொன்னார். நம் நேரப்படி பகல் 1.30-க்கு இறங்கும், அதற்குமேல் வரிசையும் பெட்டியும் ஒன்றரை மணி நேரம். பயண நாளுக்கு அடுத்த கட்டத்தில் பேனாவால் ‘3 மணி’ என்று எழுதி, சுற்றி ஒரு வட்டம் போட்டார்.

“அதுக்கு முன்னாடி போன் வரலன்னா யாரும் பதறக் கூடாது” என்று வீட்டில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

அன்று 2.50-க்கு அழைப்பு வந்தது. அக்கா 12 மணியிலிருந்தே தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.